மூணாங் கூப்பாடு

பெரட்டு குழுவின் புதிய ஆல்பம் வெளிவந்த வாரத்தில், அதைக் கேட்ட தமிழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துபோனார்கள். தலையில் தூக்கிவைத்து ஆடியவர்கள் ஒரு கட்சி, தரையில் போட்டு மிதித்தவர்கள் இன்னொரு கட்சி. நடுவில் நின்றவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பாட்டு விஷயத்தில் நம் ஆட்கள் என்றைக்கு நடுவில் நின்றிருக்கிறார்கள்?

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பெடாஸ் பக்கத்து ஏழாங்கட்டைத் தோட்டத்தில், பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் குழு அது. விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். அப்பன்மார் வாழ்நாள் முழுக்க வெறுத்த அந்தச் சொல்லை, மகன்கள் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு தங்கள் குழுவுக்குச் சூட்டினார்கள். இரண்டே கேசட். இரண்டும் போர்டிக்சனிலிருந்து தம்பின்வரை ஒவ்வொரு பஸ்ஸிலும் தேயத்தேய ஓடின. அப்புறம் பாடகன் வீரமுத்து இருபத்து நான்கு வயதில் செத்துப்போனான். குழுவும் அவனோடு முடிந்தது.

மிச்சமிருந்த மூன்று பேர், தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக, இப்போது திரும்பி வந்திருந்தார்கள். ஆல்பத்துக்கு 'மறுநடவு' என்று பெயர். பால் வற்றிய பழைய கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைப்பதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 'பெரட்டு வெறியர்கள்' என்ற முகநூல் பக்கத்தில் அடிதடி நடக்காத குறை.

"வீரமுத்து இல்லாத பெரட்டு, சம்பல் இல்லாத நாசி லெமாக் லா" என்று ஒருவர் ஆரம்பித்துவைத்தார்.

"டிரம் சவுண்டக் கேட்டா வாஷிங் மெஷின்ல சிலிப்பரப் போட்ட மாதிரி இருக்கு" என்றார் இன்னொருவர்.

"மாயாண்டி அண்ணனுக்கு அறுவது வயசு. நீ வந்து அடிச்சுப் பாரு லா, முட்டி கழண்டுரும்" என்று அதற்குப் பதில் வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்காரர்களும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். ஒன்பதாவது பாட்டு. அதன் பெயர் 'மூணாங் கூப்பாடு'.

திலகா அந்தப் பாட்டையும் கேட்கவில்லை, மற்ற எதையும் கேட்கவில்லை. அவள் வீரமுத்துவின் தங்கை. செண்டாயானில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில், கன்வேயரில் வருகிற சாமானில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் வேலை. அண்ணன் இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து பெரட்டு பாட்டு ஓடுகிற கடையில்கூட அவள் தேத்தண்ணி குடித்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் குணாளன், ஊரிலேயே பெரிய பெரட்டு வெறியன். லோரி ஓட்டுகிறவன். கேசட் அட்டையைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தான் என்று அவன் கூட்டாளிகள் இன்றைக்கும் கிண்டலடிப்பார்கள். அவனும் இல்லை என்று சொன்னதில்லை.

ஆல்பம் வந்த மறு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கப் போர்டிக்சனுக்குக் காடியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு பாட்டு திலகா. ஒங்கண்ணனுக்காகப் போட்ட பாட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ கேக்கலன்னா வேற யாரு கேக்கறது?" என்று கெஞ்சிக்கொண்டே கைப்பேசியைத் தட்டிவிட்டான்.

கிட்டார் எதுவும் வரவில்லை. முதலில் ஒரு சத்தம் மட்டும். தகரத்தின் மேல் எதுவோ மெதுவாகத் தட்டுகிற சத்தம். தட்... தட்... அப்புறம் கொஞ்சம் வேகமாக, தட் தட் தட். திலகாவின் கை தானாகச் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது. குழுவின் கிட்டார்காரர் சுகுமாறனின் உடைந்த குரல் பாட ஆரம்பித்தது.

*நாயி கொலைக்கல, வாலு தட்டுது தகரத்துல*
*கம்மிப்போன கொரலு ஒன்னு கதவுக்கு அந்தாண்ட*
*ஒன்னு கேட்டாச்சு, ரெண்டு கேட்டாச்சு*
*மூணுக்குத்தான் காத்திருக்கேன்*
*தாப்பா மேல கைய வச்சி*

அதற்கப்புறம் எல்லா வாத்தியமும் நின்றது. தூரத்திலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. "எம்மோவ்..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும், இன்னும் கொஞ்சம் களைத்துப்போய், "எம்மோவ்..." பிறகு வெறும் அமைதி. காடியின் ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு நீளமான அமைதி. மூன்றாவது தடவை யாரும் கூப்பிடவில்லை. பாட்டு அங்கேயே முடிந்துபோனது.

"நிறுத்துங்க" என்றாள் திலகா.

"முடிஞ்சிருச்சு, அவ்ளோதான் பாட்டு."

"காடிய நிறுத்துங்கன்னு சொல்றேன்."

செம்பனை மரங்களின் ஓரத்தில் நிறுத்தினான். கதவைத் திறந்து இறங்குவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. குணாளன் தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாய் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டாள்.

தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அந்த விதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டில் யாராவது வெளியே நின்று கூப்பிட்டால், உடனே ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டாவது தடவைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. காத்து கருப்புக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடுகிற சக்தி கிடையாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷன். அப்போதுதான் கதவைத் திறக்கலாம். அரை இருட்டில் மரம் வெட்டப் போகிற ஜனங்களுக்கு உயிரைக் காக்கிற விதி அது. அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள்.

வீரமுத்து போர்டிக்சனுக்குப் பாடப் போயிருந்த வாரத்தில்தான், கித்தா காட்டில் ஒருவர் தூக்குப் போட்டுச் செத்துப்போயிருந்தார். அவர் லயத்து வீடுகளின் பின்பக்கமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிகிறார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. பொழுது சாயுமுன் கதவுகள் சாத்தப்பட்டன.

அவன் பாடப் போன ராத்திரி, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் திலகாவுக்கு விழிப்பு வந்தது. பின்பக்கச் சமையல்கட்டில் கட்டியிருந்த நாய் டைகர் வாலை ஆட்டுவதும், அது தகரத்தில் இடிபடுவதும் கேட்டன. தட்... தட்... அப்புறம் அந்தக் குரல். "எம்மோவ்..." அம்மாவை அண்ணன் கூப்பிடுகிற மாதிரியேதான். ஆனால் அண்ணன் குரல் இல்லை. கம்மிப்போன, கரகரத்த, வயசான யாரோ ஒருவர் குரல். ராத்திரியெல்லாம் மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன் குரல் வேறெப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வது? போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, அதன் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. டைகரின் வாலும் நின்றுபோனது. வெகுநேரம் கழித்துப் போர்வையை விலக்கிப் பார்த்தபோது, அம்மா கதவோரத்தில் தன் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நல்ல வேளை, அம்மா எழுந்துகொள்ளவில்லை என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும்.

பெரட்டுக்குப் போனவர்கள்தான் அவனைப் பார்த்தார்கள். கோயில் வளைவில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கிடந்தது. அவன் அங்கிருந்து தவழ்ந்து வந்து, லயத்துக்குப் பின்னால் ஓடிய லோங்காங் கால்வாயில், குரல் எட்டுகிற தூரத்தில் விழுந்து கிடந்தான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பிணத்தின் மேல் விழுந்து அம்மா செல்லம்மா அழுத அழுகை தோட்டத்தையே கலங்கடித்தது.

"ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதாடா! நான் ஓடியாந்திருக்க மாட்டேனா! ஒரே ஒரு கொரல்!"

அதைக் கேட்ட நிமிஷத்தில் திலகாவின் வாய் கட்டிப்போனது. முப்பது வருஷமாக அந்தக் கட்டு அவிழவில்லை. குணாளனிடம்கூட.

இப்போது அது பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் அவள் வேலையிடத்து இடைவேளைகளில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் பற்றி எழுதியவற்றை ஒன்றுவிடாமல் படித்தாள். ஞாயிறு பத்திரிகையில் மகிந்தன் என்ற பெரிய விமர்சகர் பக்கம் முழுக்க எழுதியிருந்தார். கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவது நம் இனமாம். திறக்காத கதவு தேசமாம். ஆரம்பத்தில் தகரத்தில் விழுகிற ஓசை, லயத்துக் கூரைமேல் பெய்த மழையின் ஞாபகமாம். 'இருபது ஆண்டுகளில் நம் மண்ணில் இப்படியொரு மௌனம் இசைக்கப்பட்டதில்லை' என்று முடித்திருந்தார். யூடியூபில் ஒரு பையன் பாட்டைக் கேட்டுக்கொண்டே கை மயிர் குத்திட்டு நின்றதைக் கேமராவுக்குக் காட்டினான். மூன்றாவது கூப்பாடு என்பது இன்னும் பிறக்காத தலைமுறை என்று ஒரு விரிவுரையாளர் கண்டுபிடித்தார்.

மழையாம். திலகாவுக்கு அந்தப் பத்திரிகையைச் சுக்குநூறாகக் கிழித்துப்போட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அது நாயின் வால். பாட்டிலேயே வாலு என்று பச்சையாகச் சொல்லியிருக்கிறான், அப்புறமும் மழையாம். ஆனால் அவள் தேடியது வேறு. இது வெறும் கற்பனை, எழுதியவன் சும்மா எழுதினான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டார்களா என்று தேடினாள். அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

பாட்டு அவளை விடுவதாக இல்லை. கன்வேயர் பக்கத்தில் நிற்கிற ரோகினி அதைக் கைப்பேசிக்கு அழைப்பு மணியாக வைத்துக்கொண்டாள். வேலைக்கு நடுவில் அவள் பையிலிருந்து "எம்மோவ்..." என்று கேட்கும். திலகா கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். அதைவிடக் கொடுமை, தாமான் குடியிருப்பில் இருக்கிற பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் யார் வீட்டு வாசலிலாவது நின்று இரண்டு தடவை "எம்மோவ்" என்று கூப்பிட்டுவிட்டு ஒளிந்துகொள்வார்கள். கதவைத் திறக்கிறவர் தோற்றவர். ஒரு சாயங்காலம் அவள் வீட்டு வாசலிலும் கேட்டது. பிள்ளைகள்தான் என்று தெரியும். சிரிப்பை அடக்குகிற சத்தம்கூடக் காதில் விழுந்தது. ஆனாலும் கிரில் கதவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாவதுக்காக அப்படியே நின்றாள். வியர்வையில் சாவி வழுக்கியது. பிள்ளைகள் அலுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பயத்தோடு இனி காலம் தள்ள முடியாது என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

இதை எழுதியவனுக்கு எப்படித் தெரியும்? டைகர் குலைக்காமல் வாலை ஆட்டியது, குரல் கம்மிப்போயிருந்தது, இரண்டே தடவை கூப்பிட்டது. அந்த வீட்டில் இருந்தது அவளும் அம்மாவும்தான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், அவளும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்படியானால் வெளியே யாரோ நின்றிருக்கவேண்டும். வீரமுத்துவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து எப்போதும் கூடவே வருகிறவன் ஒருவன்தான். கிட்டார்காரன் சுகுமாறன். அன்றைக்கு மட்டும் போர்டிக்சனிலேயே தங்கிவிட்டதாகச் சொன்னவன். கூட வந்தவன், விழுந்தவனை லோங்காங்கில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். இப்போது அதைப் பாட்டாகப் பாடிக் கைத்தட்டல் வாங்குகிறான்.

லீவு நாளில் பஸ் பிடித்துப் பெடாஸுக்குப் போனாள். சுகுமாறன் அங்கே டயர் கடை வைத்திருந்தார். ரசிகர் ஒருவர் டயர் மாற்றிய கையோடு அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பினார். திலகாவைப் பார்த்ததும் சுகுமாறன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாம்மா திலகா. பசியாறியாச்சா? தண்ணி வாங்கியாரச் சொல்லட்டுமா?"

"ஒன்னும் வேணாம் சுகு அண்ணே. ஒன்னே ஒன்னு கேக்கணும். அன்னிக்கு நீங்க எங்கண்ணன்கூட மோட்டார்ல வந்தீங்களா?"

"இல்லையேம்மா. நான் போர்டிக்சன்ல மாயாண்டியோட மாமா வீட்ல படுத்துட்டேன். மாயாண்டியும் அங்கதான் இருந்தான். போலிஸ்லகூடச் சொன்னமே."

"பொய் சொல்லாதீங்க. டைகர் வாலு தகரத்துல இடிச்சது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கண்ணன் ரெண்டு தடவ கூப்பிட்டது எப்படித் தெரியும்? வெளிய நின்னவங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான் நின்னுருக்கீங்க."

சுகுமாறன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அடுக்கியிருந்த டயர்களின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீ எப்படிம்மா கேட்ட?" என்றார் மெதுவாக. "நீ தூங்கிக்கிட்டுல்ல இருந்த?"

"யாரு சொன்னா?"

"ஒங்கம்மா."

ரோட்டில் ஒரு லோரி போனது.

செல்லம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கிட்னி போய்விட்டது. திலகாவுக்கும் குணாளனுக்கும் வேலை. சிரம்பானுக்கு டயாலிசிஸ் எடுக்கக் காடியில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர் சுகுமாறன்தான். மகனுடைய கூட்டாளி, மகன் மாதிரி என்று ஊரே மெச்சியது. அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாளில்தான், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கிழவி சொல்ல ஆரம்பித்தாளாம்.

"ரெண்டு தடவ கேட்டுச்சு சுகுன்னாங்க. மொத தடவயே எந்திரிச்சுட்டேன். நாயி வால ஆட்டுது. நாயி கொலைக்கலன்னா நம்ம ஆளுதானேன்னு ஒரு மனசு சொல்லுது. கொரலு என் புள்ள கொரலு இல்லியேன்னு இன்னொரு மனசு சொல்லுது. உள்ள பொம்பளப் புள்ள படுத்திருக்கு. தாப்பா மேல கைய வச்சுக்கிட்டு மூணாவது வரட்டும், வந்தா தொறந்துருவோம்னு நின்னேன், நின்னேன், வரவே இல்லன்னாங்க." சுகுமாறன் குரலும் கம்மிப்போயிருந்தது. "அப்புறம் வந்து செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்களாம்."

திலகா கடையின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. முக்கியமா ஒங்கிட்ட சொல்லிறக் கூடாதுன்னு கையப் புடிச்சுச் சத்தியம் வாங்குனாங்க. திலகா போர்வைக்குள்ள நல்லா தூங்கிட்டா, அந்த வீட்ல ஒரு ஆளாச்சும் நிம்மதியா தூங்குச்சுன்னு இருக்கட்டும்னாங்க."

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பைத்தியக்காரச் சிரிப்பு. ஒரே வீட்டில், ஒரே இருட்டில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இரண்டு பேரும் அதே மூன்றாவதுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அம்மா தூங்குவதாக அவள் நினைத்தாள். அவள் தூங்குவதாக அம்மா நினைத்தாள். அதற்கப்புறம் இருபத்து நாலு வருஷம் ஒரே சட்டியில் ஆக்கித் தின்றும், ஒருத்தி தூக்கம் கெட்டுவிடக் கூடாதென்று இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் பின்னாளில் ஒரு பழக்கம் இருந்தது. யார் கூப்பிட்டாலும், கூப்பிட்டு முடிப்பதற்குள் "இந்தா வர்றேன்" என்று ஓடிவிடுவாள். ரொட்டிக்காரன் ஹார்ன் அடித்தால்கூட "இந்தா வர்றேன்". பக்கத்து வீட்டு ஆட்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். திலகாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதாடா என்று பிணத்தின்மேல் விழுந்து கத்தினாளே, அது மகள் காதில் விழுவதற்காகத்தான் கத்தியது என்பது இப்போதுதான் விளங்கியது. சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"சத்தியம் பண்ணிட்டு, அப்புறம் அதையே பாட்டா போட்டீங்களா?"

"ஆறு வருஷம் போடாமத்தாம்மா இருந்தேன். திரும்பிப் பாடலாம்னு மூணு பேரும் ஒக்காந்தப்ப, வேற எந்தப் பாட்டும் வரல. இது ஒன்னுதான் தொண்டையில நின்னுச்சு. பேரு ஊரு எதுவும் சொல்லல. யாருக்கும் வெளங்காதுன்னு நெனச்சேன்."

"யாருக்கும் வெளங்கலதான். மழைன்னு எழுதறான், நாடுன்னு எழுதறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லட்சம் பேரு கேட்டுருக்காங்கண்ணே. எங்கண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. ஒருத்தராச்சும் ஏன்னு கேட்டாங்களா?"

சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டார். "சனிக்கெழம நம்ம தோட்டத்துக் கோயில் தெடல்ல பாடறோம். நீ வேணாம்னு சொன்னா அந்தப் பாட்டப் பாடல. இனிமே எங்கயுமே பாடல."

திலகா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பாடுங்க" என்றாள்.

சனிக்கிழமை போகிற வழியில் குணாளனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற குணாளன் ரேடியோவை அணைத்துவிட்டு, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. கோயில் மட்டும் மிச்சம், அதன் பின்னால் அந்த லோங்காங்கும். திடலில் நிற்க இடமில்லை. நரைத்த முடியைக் குடுமி கட்டிக்கொண்ட பழைய வெறியர்கள், பெரட்டு என்று சட்டையில் அச்சடித்துக்கொண்ட புதிய வெறியர்கள். அந்தப் பாட்டுக்கென்று அவர்களுக்குள் ஒரு விதி ஏற்பட்டிருந்தது. இரண்டாவது கூப்பாட்டுக்கு அப்புறம் ஒருவரும் மூச்சு விடக் கூடாது. கைப்பேசி விளக்கை மட்டும் தூக்கிப் பிடிக்கவேண்டும். விமர்சகர்கள் மெச்சிய மௌனமாயிற்றே, காப்பாற்ற வேண்டாமா?

பொழுது சாய்கிற நேரத்தில் மாயாண்டி ஒரு தகரத்துண்டை எடுத்து வைத்துத் தட்ட ஆரம்பித்தார். தட்... தட்... கூட்டம் அடங்கிப்போனது. கோயிலில் யாருக்கும் கட்டுப்படாமல் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து நின்று காதை விடைத்தது. சுகுமாறன் பாடினார். பாடும்போது அவர் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது.

"எம்மோவ்..."

திலகாவின் பல் பழைய இடத்தைத் தேடியது, கடித்துக்கொள்ளப் போர்வை இல்லை.

"எம்மோவ்..."

விளக்குகள் உயர்ந்தன. யாரும் இருமக்கூட இல்லை. அந்த அமைதியில் திலகாவுக்குத் தாழ்ப்பாளின் மேல் இருக்கிற அம்மாவின் கை தெரிந்தது. மூன்றாவது வராது. அவனிடம் அதற்குத் தெம்பு இருக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கு மேல் கூப்பிட முடியாமல் போவது காத்து கருப்புக்கு மட்டுமா?

"இந்தா வர்றேண்ணே!" என்று கத்தினாள்.

திடலே திரும்பிப் பார்த்தது. நாலா பக்கத்திலிருந்தும் "ஷ்ஷ்" என்று சத்தம். அவள் மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயிலின் பின்பக்கம் ஓடினாள். "இந்தா வர்றேன்! அம்மாவும் வருது! முழிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கோம்!" குணாளன் பின்னாலேயே ஓடினான். லோங்காங்கில் செம்பனைச் சருகும் கொஞ்சம் தண்ணீரும் கிடந்தன. அதன் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாயும் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றது. குலைக்கவில்லை.

மறுநாள் முகநூலில் மறுபடியும் இரண்டு கட்சி.

"யாரு லா அந்தப் பொம்பள? மொத்தப் பாட்டையும் கெடுத்துட்டா."

"சம்சு அடிச்சிட்டு வந்திருப்பா போல."

இது முன்கூட்டியே திட்டமிட்ட அரங்க உத்தி, துணிச்சலான முயற்சி என்று மகிந்தன் எழுதினார். மனிதருக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. சாயங்காலம் சுகுமாறனின் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. 'அது வீரமுத்துவின் தங்கை. இனிமேல் கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள்.' அதற்குக் கீழே அன்றைக்கு ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

அடுத்த நிகழ்ச்சி போர்டிக்சனில், கடற்கரையில். வீரமுத்து கடைசியாகப் பாடிவிட்டுக் கிளம்பிய அதே ஊர். திலகா போகவில்லை. குணாளன் போனான். ஒன்பதாவது பாட்டு ஆரம்பித்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டு, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் சமையல்கட்டில் கைப்பேசியை அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு நின்றாள். தகரத்தில் தட்டுகிற சத்தம். காற்று. ஒரு தடவை கூப்பிட்டது. அப்புறம் இரண்டாவது தடவை.

கடற்கரை முழுக்க, ஆயிரக்கணக்கான தொண்டைகளில், பொம்பளை ஆம்பளை பிள்ளைகள் என்று எல்லாக் குரலிலும் வந்தது பதில்.

"இந்தா வர்றேன்!"

கைப்பேசி கரகரத்தது. அது ஓய்வதற்குள் திலகா வாசலுக்குப் போயிருந்தாள். பூட்டைத் திறந்தாள், கிரில் கதவைத் தள்ளினாள், வெளிக் கேட்டையும் அகலத் திறந்துவைத்தாள். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. வெளியில் யாரும் இல்லை. படியில் உட்கார்ந்துகொண்டாள். குணாளன் வந்து சேரும்வரை கதவைச் சாத்தவில்லை.